ஒட்டாத பிற்பகல்கள்

எனக்குச் சம்பளம் கொடுப்பது என் மூக்குக்காகத்தான். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த உத்தரவில் 'உடைமாற்றும் அறைப் பொறுப்பாளர்' என்று கௌரவமாகத்தான் போட்டிருக்கிறது. ஆனால் காலையிலும் சரி, சாப்பாட்டு இடைவேளை முடிந்தும் சரி, தொழிற்சாலைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் என் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டியாக வேண்டும். நான் குனிந்து மோந்து பார்ப்பேன். கிரீம், லோஷன், தைலம் என்று எது மணத்தாலும் நான் கொடுக்கும் திரவத்தில் கையைக் கழுவிவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். முதலாளியின் மருமகனையே ஒருநாள் குழாயடிக்கு விரட்டியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் என்னை 'மோப்பக்கா' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூக்கு மட்டுமில்லை, எனக்குக் காதும் நன்றாகவே வேலை செய்கிறது.

இந்த மோப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் செய்வது நெஞ்சில் ஒட்டிக்கொள்கிற ஒரு பட்டை. இதயம் ஒழுங்காக அடிக்கிறதா என்று ராப்பகலாகக் கவனித்து டாக்டருக்குத் தகவல் சொல்லும். பார்த்தால் பெரிய பிளாஸ்திரி மாதிரி இருக்கும். அதன் வயிற்றுக்குள் ஒரு குட்டி போர்டு, போர்டின் மேல் ஒரு சிப். ஆணி கிடையாது, திருகு கிடையாது. சிப்பைப் போர்டோடு பிடித்து வைப்பது ஒரு பசை. பட்டையை மனிதத் தோலோடு பிடித்து வைப்பது இன்னொரு பசை. உள்ளே இருப்பது கல்லாக இறுக வேண்டும். நோயாளி குளித்தாலும் குனிந்தாலும் மாடிப்படி ஏறினாலும் அசையக் கூடாது. வெளியே இருப்பதன் பாடு இன்னும் கஷ்டம். கெட்டியாகப் பிடிக்கவும் வேண்டும், போதும் என்றால் தோலைப் புண்ணாக்காமல் விடவும் வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே எதிரி சிலிக்கோன் எண்ணெய். கைக்குப் பூசுகிற கிரீமில், முகத்துக்குப் போடுகிற லோஷனில் என்று எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு பட்டாலே போதும், அந்த இடத்தில் பசை பிடிக்காது. சாதாரண சோப்புக்கு லேசில் போகவும் போகாது. அதற்கென்று தனி வாசனையும் கிடையாது என்பதால், அது குடியிருக்கிற கிரீமின் வாசனையை வைத்துத்தான் நான் ஆளைப் பிடிப்பேன்.

உள்பசையைப் போர்டில் சொட்டுச் சொட்டாக வைக்கிற மெஷினை ஓட்டுவது என் தம்பி. அதனால் அவனுக்குப் பெயரே 'சொட்டு' என்றாகிவிட்டது. பேச்சும் அப்படித்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. நாற்பதைத் தொடப்போகிறான், கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறான். நான் பார்த்துச் சொன்ன இடங்களையெல்லாம் அவன் வாயே கெடுத்தது. ஒரு பெண் நல்லபடியாக 'உங்களுக்கு என்ன பிடிக்கும்' என்று கேட்டிருக்கிறாள். இவன் யோசித்து யோசித்து, 'காத்துல ஈரம் அதிகமில்லாத நாள் பிடிக்கும்' என்றானாம். பசைக்கு அது நல்லது. பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது? அவள் டீயை முழுசாகக் குடிக்காமலே எழுந்து போய்விட்டாள்.

இப்படிப்பட்டவன் இருக்கிற இடத்துக்குத்தான் நர்ஸ் வந்து சேர்ந்தாள்.

அவள் நிஜமாகவே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இரவு ஷிப்டும் வயதான அம்மாவும் ஒத்துப்போகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டதிலேயே கல்யாண வயதும் ஓடிவிட்டது. பகல் வேலையாக வேண்டும் என்று எங்கள் சோதனைப் பிரிவுக்கு வந்திருந்தாள், தற்காலிகமாக. வேலை பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் போகலாம் என்கிற ஏற்பாடு. அவள் வேலை எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பது. தினமும் காலையில் செய்த போர்டில் கொஞ்சம், பிற்பகலில் செய்ததில் கொஞ்சம் எடுத்து, ஒரு கத்தியால் சிப்பைப் பக்கவாட்டில் தள்ளி, எவ்வளவு பலத்துக்குக் கழல்கிறது என்று மெஷினில் பார்ப்பாள். அதோடு புதுத் தோல்பசை வந்தால் அதை எங்கள் மேலேயே ஒட்டிப் பார்க்கிற வழக்கம் இங்கே உண்டு. விருப்பப்பட்டவர்கள் பெயர் கொடுத்து, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பட்டையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும். அதை உரித்தெடுப்பதும் அவள்தான்.

அதுவரை பெயர் கொடுக்க ஆள் கிடைக்காது. முன்பு உரித்தவன் மீனுக்குச் செதில் எடுப்பது மாதிரி எடுப்பான். ஆம்பிளைகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறுவார்கள். நர்ஸ் பட்டையை மேலே இழுக்கமாட்டாள். ஒரு ஓரத்தைக் கிளப்பி, அதை அதன் மேலேயே மடித்து, மற்றக் கையின் கட்டைவிரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பின்பக்கமாகக் கொண்டுபோவாள். எடுத்ததே தெரியாது. அடுத்த தடவை பெயர் கொடுக்கக் கூட்டம் அலைமோதியது. அந்தக் கூட்டத்தில் என் தம்பியும் இருந்தான். உரித்து முடித்துவிட்டு 'வலிச்சுதா' என்று அவள் கேட்டதற்கு, 'இன்னொண்ணு ஒட்டினாலும் பரவாயில்ல' என்று சொல்லியிருக்கிறான். அவன் ஆயுளில் பேசிய முதல் உருப்படியான பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார ஆரம்பித்தார்கள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் காதைத் தீட்டிக்கொண்டேன். நெற்றி பிளந்து வந்த ஒரு குழந்தைக்குத் தையல் போடாமல் பசையாலேயே ஒட்டிய கதையை அவள் சொன்னாள். காயத்தின் இரண்டு உதட்டையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகாமல் மேலாக மட்டும் கோடு மாதிரி இழுத்துவிடுவார்களாம். ஒட்டி முடித்ததும் அந்தக் குழந்தை, உடைந்த பொம்மைக் காரை நீட்டி இதையும் ஒட்டித் தாங்க என்றதாம். எந்த மனுஷனுக்கும் இதைக் கேட்டால் சிரிப்பு வரும். என் தம்பி, அந்தப் பசை இறுக எவ்வளவு நேரம் ஆகும், சூடு காட்ட வேண்டுமா, விளக்கு காட்ட வேண்டுமா என்று கேட்டான். நான் தலையில் அடித்துக்கொள்ளப் போனேன். ஆனால் அவள் கண்ணை அகலமாகத் திறந்துகொண்டு, தோலில் இருக்கிற ஈரமே அதை இறுக்கிவிடும் என்று ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். இவனுக்குப் பிடிக்காத ஈரம் அங்கே இப்படி ஒரு வேலை செய்கிறதா என்று இவன் அசந்துபோனான். இப்படியும் இரண்டு பேருக்குப் பேச்சு சேருமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

தம்பி மாறினான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டான். ஒழுங்காக முடிவெட்டிக்கொண்டு வந்தான். வேலை நேரத்தில் தொப்பி போட்டே இருப்பதால் எங்கள் எல்லோருக்கும் மதியத்தில் தலைமுடி அப்பளமாகப் படிந்து கிடக்கும். இவன் மட்டும் சாப்பாட்டு மேஜைக்கு வரும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி சீவிப் படியவைத்துக்கொண்டு வருவான். அக்காக்காரிக்கு அதைப் பார்க்க வயிறு நிறைந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சிப்புகள் கழல ஆரம்பித்தன.

எல்லாம் இல்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாக. கத்தியால் தள்ள வேண்டியதே இல்லை, நகம் பட்டாலே வழுக்கிக்கொண்டு வந்தது. நோயாளியின் நெஞ்சில் இருக்கும்போது அப்படிக் கழன்றால் இதயம் நின்றாலும் பட்டை வாயைத் திறக்காது. எங்கள் தர மேலாளர் எப்போதும் கழுத்தில் ஒரு லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைவார், அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நல்ல மனிதர், ஆனால் காரணம் கிடைக்காவிட்டால் சோறு இறங்காது. பசையை மாற்றினார்கள். சொட்டு விழும் ஊசியை மாற்றினார்கள். இறுகவைக்கிற அடுப்பின் சூட்டை அளந்தார்கள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். ஸ்டோர்காரர் இருமலுக்குத் தைலம் தடவியிருந்ததைப் பிடித்தேன், பூட்டுக்கு எண்ணெய் போட்ட வாட்ச்மேனைப் பிடித்தேன். எதுவும் பலிக்கவில்லை. என் தம்பி முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவன் வைத்த சொட்டு கழல்வது அவனுக்கு மானப் பிரச்சினை.

கடைசியில் பூதக்கண்ணாடி இரண்டு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஒன்று, கழல்வதெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு செய்த போர்டுகள்தான். காலையில் செய்தவை பாறையாக நிற்கின்றன. இரண்டாவதைச் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நர்ஸ் லீவில் இருந்த வாரத்தில் ஒரு சிப்கூடக் கழலவில்லை. அவளுக்குப் பதிலாகச் சோதித்தவன் பழைய போர்டுகளை எடுத்துத் தள்ளிப் பார்த்தபோதும் அவள் இருந்த நாட்களில் செய்தவைதான் கழன்றன. ஆகவே அவள் அளவு தப்பில்லை. அவள் வந்தால் போர்டு கெடுகிறது, வராவிட்டால் கெடவில்லை. ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் கைக்கு எதையோ பூசிக்கொண்டு போர்டு அடுக்குகிற ட்ரேக்களைத் தொடுகிறாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம். அவள் கையில் ஒன்றுமே இல்லை, தினமும் இரண்டு வேளை மோந்து பார்க்கிறவள் நான் சொல்கிறேன் என்றேன். உங்கள் மூக்கு தவறவிட்டிருக்கலாமே அக்கா என்று பூதக்கண்ணாடி பவ்யமாகச் சொன்னார். மறுநாள் பிற்பகல் கூட்டம் வைத்து முடிவு எடுப்பதாக ஏற்பாடு. தற்காலிக ஆள்தானே, முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நர்ஸ் யாரோடும் வாதாடவில்லை. தன் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் சால்வையையும் ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள் வேலை போனால் அம்மாவின் இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். 

சாயங்காலம் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் அன்று பூராவும் தொழிற்சாலையில் பசை இறுகவைக்கிற அடுப்புப் பக்கமே இருந்ததால் அந்த லீவு விஷயம் அவன் காதுக்கு எட்டியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவன் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தான்.  பிறகு மாடிக்குப் போய் ஒரு சின்ன பாட்டிலோடு இறங்கி வந்தான்.

"இதை மோந்து பாருக்கா."

மோந்து பார்த்தேன். ஒன்றுமே மணக்கவில்லை. தலைமுடிக்குத் தடவுகிற சீரம். என் மூக்குக்குப் பயந்து, கடைக்காரரிடம் கேட்டு வாசனையில்லாததாக வாங்கியிருக்கிறான். லேபிளில் சிலிக்கோன் என்ற வார்த்தை இருக்கிறதா என்றும் தேடிப் பார்த்திருக்கிறான், இல்லை என்றதும் நிம்மதியாகிவிட்டான். மதியம் தொப்பியைக் கழற்றியதும் குளியலறைக்குப் போய் இதைத் தடவித் தலை சீவிக்கொண்டுதான் சாப்பிட வருவானாம். சாப்பிட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு என்னிடம் கையை நீட்டுவானாம்.

என் ஸ்டீல் தட்டு ஒன்றை எடுத்துப் பளபளவென்று துடைத்தான். சீரத்தைத் தலையில் தடவி, சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவினான். பிறகு தொழிற்சாலையில் எல்லோரும் போடுகிற கையுறை ஒன்றை எடுத்து எப்போதும் போல மாட்டிக்கொண்டான். மாட்டும்போது வெறும் விரல் கையுறையின் வெளிப்பக்கத்தைப் பிடித்து இழுக்கத்தானே செய்யும். அந்தக் கையுறை விரலால் தட்டின் ஒரு பாதியைத் தொட்டுவிட்டு, தட்டு முழுக்க, வீட்டில் எப்போதும் வைத்திருக்கிற பசையை மெல்லிசாக இழுத்தான். ஒரு பாதியில் பசை சமர்த்தாகப் பரவிக் கிடந்தது. தொட்ட பாதியில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பசை பின்வாங்கி, வட்ட வட்டமாகத் தட்டைக் காட்டியது. இதைத்தான் எங்கள் ஆட்கள் மீன்கண் என்பார்கள்.

"அக்கா, நான்தான்" என்றான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். கேட்டு முடித்ததும் அவன் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்தது. சரி, சொல்லிவிட்டால் போயிற்று, நர்ஸ் தப்பித்துவிடுவாள் என்று ஆறுதல் சொன்னேன். அப்போதுதான் அது அவ்வளவு சுலபமில்லை என்று இருவருக்கும் உறைத்தது.

"தினமும் தடவினேன்னு சொல்லிடு. அதோட முடிஞ்சுது."

"தினமும் தடவியிருந்தா அவங்க லீவ்ல இருந்தப்பவும் கழன்றிருக்கணுமேக்கா. அந்தக் கேள்வி அப்படியே நிக்கும். நின்னா அவங்க மேலதான் நிக்கும்."

"அப்ப உண்மையத்தான் சொல்லணும்."

"உண்மையத்தான் சொல்லணும்" என்றான். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. நான் வேண்டுமானால் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனான். ஒரு பெண்ணிடம் 'என்ன பிடிக்கும்' என்ற கேள்விக்கே ஈரப்பதத்தைச் சொன்னவன், தொழிற்சாலையே உட்கார்ந்திருக்கும் இடத்தில் இதை எப்படிச் சொல்லப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்து முடித்தேன்.

மறுநாள் கூட்டத்துக்கு வாசல் பொறுப்பாளர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நர்ஸ் ஓரத்து நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூதக்கண்ணாடி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் என் தம்பி எழுந்துவிட்டான். பாட்டிலை மேஜையில் வைத்தான். கையோடு கொண்டு வந்திருந்த என் தட்டையும் வைத்தான். சீரம், சோப்பு, கையுறை, மீன்கண் என்று அவனுக்குத் தெரிந்த விஷயமாக இருந்தவரை திணறாமல் சொல்லிவிட்டான். பூதக்கண்ணாடி லென்ஸை வைத்துத் தட்டைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். அவருக்கு உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"எல்லாம் சரி. இவங்க லீவ்ல இருந்த வாரம் ஏன் கழலல?"

"அந்த வாரம் நான் தடவல சார்."

"ஏன்?"

என் தம்பி மேஜையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

"பாக்கறதுக்கு அவங்க இல்லையே சார்."

 ஸ்டோர்காரர் இருமல் வந்ததையே அடக்கிக்கொண்டார். பூதக்கண்ணாடி லென்ஸைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதைத் துடைக்க ஆரம்பித்தார். என் தம்பியின் காது இரண்டும் சிவந்து பழுத்திருந்தன, ஆனால் உட்காரவில்லை, நின்றான். அவனைப் பெற்றவள் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நர்ஸ் எழுந்து வந்து பாட்டிலை எடுத்தாள். பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். இதில் இருக்கிற டைமெதிக்கோன் என்பதும் சிலிக்கோன் வகைதான், பெயர்தான் வேறு என்றாள். ஆஸ்பத்திரியில் வயதானவர்கள் தோலிலிருந்தும் பச்சைக் குழந்தைகள் தோலிலிருந்தும் பிளாஸ்திரி எடுக்கும்போது இதைத் தடவித்தான் எடுப்பார்களாம், எந்தப் பசையும் வலிக்காமல் விட்டுவிடுமாம். இவ்வளவையும் பூதக்கண்ணாடியிடம் சொன்னாள். என் தம்பி பக்கம் திரும்பவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பூதக்கண்ணாடிக்கு ஒருவர் ஒப்புக்கொள்வது மட்டும் போதாது, நிரூபணம் வேண்டும். தப்பை வேண்டுமென்றே ஒரு தடவை செய்து போர்டு கெடுகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, சீரத்தை மட்டும் நிறுத்திப் போர்டு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே என்றால் நர்ஸ் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதும் அப்படியே. ஆக, என் தம்பி சீரம் தடவித் தலைசீவி அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நிர்வாகமே உத்தரவு போட்டது. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?

முதல் நாள் இருவரும் உட்கார்ந்தார்கள். இவன் தலை கண்ணாடியாக மின்னியது. பூதக்கண்ணாடி பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, சாப்பிடுவதை விட்டுவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டாள். தம்பிக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அன்று பிற்பகல் சிப்புகள் உதிர்ந்த உதிர்வில் பூதக்கண்ணாடி குழந்தையாகக் கைதட்டினார்.

மறுநாள் சீரம் கிடையாது. தொப்பியைக் கழற்றியதும் தலை எப்படி இருந்ததோ அப்படியே வந்து உட்கார வேண்டும் என்பது உத்தரவு. நடுவில் படிந்து, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி கிளம்பி நின்றது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அன்று பிற்பகல் செய்த போர்டில் அவள் கத்தியை வைத்துத் தள்ளியபோது சிப்பே விரிசல் விட்டது, பசை விடவில்லை.

மறுநாள் காலை, உடைமாற்றும் அறையில் அவள் தனியாகக் கிடைத்தாள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. என் தம்பி மேல கோபமா என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"கோபம்தான் அக்கா. அவர் முடி அழகா இருக்கணும்னு நான் ஒரு ராத்திரி பூரா தூக்கமில்லாம கிடந்தேன் தெரியுமா? எங்கம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம அன்னைக்குப் பஸ்ஸுல அழுதுட்டே போனேன்."

நியாயம்தான்.  அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"அவர் எப்பவுமே இப்படித்தான் உண்மையச் சொல்லுவாரா?"

"பொய் சொல்ற அளவுக்கு அவனுக்குப் பேச்சு வராதும்மா" என்றேன்.  போகும்போது அவள் நடை இலேசாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதா, நானாக ஆசைப்பட்டேனா என்று சத்தியம் செய்ய முடியாது.

அன்று பிற்பகல் கடைசிக் கூட்டம். நர்ஸ் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றும், அவளுக்கு வேலை நிரந்தரம் என்றும் பூதக்கண்ணாடி எழுந்து நின்று சொன்னார், மன்னிப்பும் கேட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதோடு விட்டாரா? மறுபடி இது நடக்காமல் இருக்க என்ன வழி என்று ஆரம்பித்தார். கையை மோப்பது போல எல்லோர் தலையையும் அக்கா மோந்து பார்க்கலாமா என்று ஒருவர் யோசனை சொன்னார். வாசனையே இல்லாததை நான் என்னத்தை மோப்பது என்று கேட்டேன். சீரத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் இந்த ஆளை நம்பலாமா என்று இன்னொருவர் இழுத்தார். பேசாமல் 'சொட்டு'வை ஸ்டோருக்கு மாற்றிவிட்டால் என்ன என்றும் பேச்சு வந்தது. என் தம்பியின் முகம் விழுந்துவிட்டது. அவனைப் பசையிடமிருந்து பிரிப்பதும் சோறு தண்ணீர் கொடுக்காமல் வைப்பதும் ஒன்றுதான்.

மாற்ற வேண்டாம் என்று பூதக்கண்ணாடி சொன்னார், இவனைப் போல சொட்டு வைக்க ஆள் கிடையாது. ஆனால் இவன் மறுபடி தலையில் எதையும் தடவமாட்டான் என்பதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அந்தப் பெயரை எழுதினால்தான் இந்த விவகாரத்தை முடிக்க முடியும் என்றார். நானே பொறுப்பு என்றான் தம்பி. தப்புச் செய்தவரே பொறுப்பாளராக இருக்கக் கூடாது, அது விதி என்றார் அவர். அப்படியானால் நான் என்று எழுந்திருக்கப் போனேன். எனக்கு முன்னால் நர்ஸ் கையைத் தூக்கியிருந்தாள்.

"என் பேரைப் போடுங்க சார்."

பூதக்கண்ணாடி பேனாவோடு நிமிர்ந்தார். "நீங்க சோதனைப் பிரிவும்மா. நீங்க இருக்கறது இந்தக் கோடி, அவர் மெஷின் அந்தக் கோடி. இவர் தலையில என்ன தடவறார்னு நீங்க எப்படிப் பார்ப்பீங்க?"

"காலையில வீட்டைவிட்டுக் கிளம்பறப்பவே பாத்துடுவேன் சார்" என்றாள்.

அவருக்கு உடனே புரியவில்லை. யார் வீட்டை விட்டு என்று கேட்க வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார். என் தம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தொப்பியைக் கழற்றிய தலை அன்றைக்கும் கொம்பு முளைத்துத்தான் நின்றது. அவளையே பார்த்தான், அவளும் இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை.

"தலை இப்படியேதான் இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டான்.

"நேத்து இப்படிப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணேன்" என்றாள் அவள். "ஆனா அவங்க அக்கா சம்மதிக்கணும் சார்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரை ஒரு அதட்டுப் போட்டேன்.

"என்ன சார் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க? பேரை எழுதுங்க, அவ மனசு மாறறதுக்குள்ள."